டிப்ளோமாவோடு பாதுகாப்பு அறிவியலில் முதுகலை படிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 33. கையில் இருப்பது மின்னியல் டிப்ளோமா. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாக சிசிடிவி, கதவு அட்டை, அலாரம் எல்லாவற்றையும் பொருத்திப் பராமரிக்கிறீர்கள். ‘பாதுகாப்பு அறிவியலும் தொழில்நுட்பமும்’ என்ற முதுகலைப் படிப்பின் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் சேர முடியுமா, வேலையை விடாமல் படிக்க முடியுமா, படித்தால் பயன் உண்டா என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. பழுதானதைச் சரிசெய்யக் கூப்பிடும் ஆளாக இல்லாமல், எங்கே எது வேண்டும் என்று முடிவெடுக்கும் ஆளாக மாற இந்தப் படிப்பு உதவுமா என்பதுதான் அது. அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சேர வழி இருக்கிறது. வேலையோடு படிக்கலாம், ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை என்பதை இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். பயன் இருக்குமா என்பது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, கடைசியில் நீங்கள் எழுதப்போகும் ஆய்வேட்டைப் பொறுத்தது. ஆகவே ஆய்வேட்டுக்கு என்ன பிரச்சினையை எடுப்பது, அதற்கான தரவு எங்கே கிடைக்கும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற படிப்பைப் பிறகு தேடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மூன்றாவது பருவத்தில் தவிக்கிறார்கள்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. மலாயில் ‘கெசெலாமாத்தான்’ என்றாலும் தமிழில் ‘பாதுகாப்பு’ என்றாலும், விபத்திலிருந்து காப்பதையும் குறிக்கும், திருடனிடமிருந்து காப்பதையும் குறிக்கும். அதனால் இந்தச் சொல் ஒட்டிய முதுகலைகள் மூன்று வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. முதலாவது தொழிலிடப் பாதுகாப்பும் சுகாதாரமும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய துறை அது. ரசாயனம், இயந்திரம், உயரத்தில் வேலை என்று போகும். இரண்டாவது இணையப் பாதுகாப்பு. மூன்றாவதுதான் உங்கள் அன்றாட வேலையின் அறிவியல்: வேலி, கதவு, கேமரா, காவலர், அலாரம் எல்லாம் சேர்ந்து ஓர் எதிராளியைத் தடுத்து நிறுத்துமா என்று அளந்து பார்க்கும் துறை. முதலாவதற்கும் மற்ற இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. விபத்து திட்டம் போடாது. திருடன் போடுவான், நீங்கள் ஒரு வழியை அடைத்தால் அடுத்ததைத் தேடுவான். அதனால் விபத்துப் புள்ளிவிவரத்தை வைத்து நாளை என்ன நடக்கும் என்று கணிப்பதுபோல இங்கே கணிக்க முடியாது.

நீங்கள் தினமும் கை வைக்கும் ஒரு கதவிலேயே இதைப் பார்க்கலாம். காந்தப் பூட்டு போட்ட அவசர வழிக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இருக்கும்வரை பூட்டியிருக்கும். மின்சாரம் போனால் திறந்துவிடும். தீயணைப்பு பேனலிலிருந்து வரும் ரிலே அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும்படி இணைப்புக் கொடுத்திருப்பீர்கள். தீ என்றால் கதவு திறக்க வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. பாதுகாப்பு அறிவியல் படிப்பவர் அதே கதவைப் பார்த்து வேறொன்றைக் கேட்பார்: உள்ளே இருப்பவன் ஒருவன் வேண்டுமென்றே பிரேக் கிளாஸை (தீ அலாரத்தை இயக்கும் சுவர்க் கண்ணாடிப் பெட்டியை) உடைத்தால், ஒரே நொடியில் எத்தனை கதவுகள் திறக்கும்? விலை உயர்ந்த சிப்புகள் இருக்கும் அறையின் கதவும் அதில் ஒன்றா? கூட்டத்தோடு கூட்டமாக எதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியும்? கதவு திறப்பதைத் தாமதப்படுத்துவது இதற்குத் தீர்வாகாது, உயிர் போகும். திறக்கும் மண்டலங்களைப் பிரிப்பது, வெளியேறும் வாசலை நோக்கிக் கேமரா வைப்பது, ஒன்றுகூடும் இடத்துக்குப் போகும் பாதையில் காவலரை நிறுத்துவது, பொருளைத் தனிக் கூண்டில் வைப்பது என்று வேறு வழிகளில்தான் போக வேண்டும். நல்ல முதுகலைப் படிப்பு இந்த மாதிரி கேள்வியைக் கேட்கவும், விடையை எண்ணால் நிறுவவும் பழக்கும்.

எங்கே படிக்கலாம் என்று பார்த்தால், கோலாலம்பூர் வட்டாரத்தில் அதிகம் இருப்பது இரண்டாவது வகைதான். புக்கிட் ஜாலிலில் ஏபியூ, பாங்கியில் யூகேஎம் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இணையப் பாதுகாப்பில் முதுகலை நடக்கிறது. பினாங்கிலேயே இருக்க வேண்டும் என்றால் யூஎஸ்எம் எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் புலத்தில் ஆய்வுமுறை முதுகலைக்கு வலைப்பின்னல் பாதுகாப்பை எடுக்கலாம். மூன்றாவது வகைக்கு உள்நாட்டில் நேரடியாகப் பொருந்தும் படிப்பு அரிது. நீங்கள் பார்த்த விளம்பரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து எடித் கோவன் பல்கலைக்கழகம் இந்தத் துறையைப் பாதுகாப்பு அறிவியல் என்ற பெயரிலேயே வளர்த்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் பாதுகாப்பு, இடர் மேலாண்மைப் படிப்பைத் தொலைநிலையில் நடத்திப் பெயர் பெற்றது. லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் 2001-இல் தொடங்கிய ஜில் டாண்டோ நிலையம் குற்றத் தடுப்பையே ஓர் அறிவியலாக எடுத்துக்கொண்டது. படிப்புகளின் பெயரும் வடிவமும் அடிக்கடி மாறுவதால், பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட் என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். தலைப்பில் ‘பாதுகாப்பு’ என்றிருக்கும், உள்ளே பாதிக்கு மேல் பொது மேலாண்மைப் பாடங்களாக இருக்கும், அப்படிப்பட்டவையும் உண்டு.

அடுத்து, சேரும் தகுதி. வழக்கமான வழி, சிஜிபிஏ எனும் சராசரி மதிப்பெண் 2.50-க்குக் குறையாத இளங்கலைப் பட்டம். அது இல்லாதவருக்கு அபெல் ஏ என்ற வழி இருக்கிறது. அனுபவத்தையே நுழைவுத் தகுதியாக எடைபோடும் ஏற்பாடு அது. எம்கியூஏ எனும் மலேசியத் தகுதி முகமையின் கீழ் நடக்கிறது. முதுகலை நிலைக்கு வயது 30-ஐத் தாண்டியிருக்க வேண்டும், எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளித் தேர்வு) அல்லது டிப்ளோமா வேண்டும், தொடர்புள்ள துறையில் அனுபவம் வேண்டும். மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. தேர்வு எழுத வேண்டும், அனுபவக் கோப்பு ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும், நேர்காணலும் உண்டு. கோப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘ஒன்பது ஆண்டு அனுபவம்’ என்று கடிதம் வைப்பது போதாது. என்ன வடிவமைத்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள், அதன்பின் என்ன மாறியது என்று ஒவ்வொரு வேலைக்கும் சான்றோடு காட்ட வேண்டும். கேமரா அமைவிட வரைபடம், கதவுகளை இயக்கும் கன்ட்ரோலரை மாற்றியபோது தயாரித்த சோதனைப் பட்டியல், பயிற்சிச் சான்றிதழ், நீங்களே எழுதிய பராமரிப்பு நடைமுறை ஆகியவை பேசும். தொழிற்சாலையின் உண்மையான தள வரைபடத்தை மட்டும் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அறைப் பெயர்களை நீக்கி, நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வையுங்கள். பாதுகாப்புத் துறையில் சேர விண்ணப்பிப்பவர் தன் நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே வைத்தால், நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும்.

அபெல் ஏ சான்றிதழ் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே விடுவது பல்கலைக்கழகத்தின் முடிவு. கணினிப் பின்னணி இல்லாதவரை இணையப் பாதுகாப்புப் படிப்பில் சேர்க்கும்போது முன்தேவைப் பாடங்களை எடுக்கச் சொல்வார்கள். அது கூடுதல் பருவம், கூடுதல் கட்டணம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அபெலை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவர்களுக்கென்று தனி விதி இருக்கும். உள்நாட்டுப் படிப்பு எதுவாக இருந்தாலும் எம்கியூஏவின் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா, முழு அங்கீகாரமா தற்காலிகமா என்று நீங்களே தேடிப் பாருங்கள். அரசாங்க வேலை எண்ணம் இருந்தால் தொலைநிலை வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அங்கீகாரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். உள்நாட்டுப் பாடமுறை முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு; வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஆக 1,600 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க நினைத்து, விடுமுறைகளைக் கழித்து 90 வாரம் என்று வைத்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 18 மணி நேரம். மூன்று ஆண்டு என்றால் 12 மணி நேரம். இங்கிலாந்து முதுகலை 180 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி நேரம், மொத்தம் 1,800. நீங்கள் 12 மணி நேர ஷிப்டில் வாரம் ஆறு நாள் வேலை செய்பவராக இருந்தால் இரண்டு ஆண்டுத் திட்டம் உடம்புக்கும் குடும்பத்துக்கும் தாங்காது என்பது என் கணிப்பு. மூன்று ஆண்டாகப் போடுங்கள். வார இறுதி வகுப்புக்குக் கோலாலம்பூர் வர வேண்டிய படிப்பென்றால் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் ஒரு வழிக்கே நாலு மணி நேரம் போகும். அந்த நேரமும் டிக்கெட் காசும் எந்தக் கட்டணப் பட்டியலிலும் இருக்காது.

சரி, உள்ளே என்னதான் கற்றுத்தருவார்கள்? மூன்றாவது வகையின் நடுநாடி கண்டறிதல், தாமதம், எதிர்வினை என்ற மூன்று சொற்களில் இருக்கிறது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் அணுப்பொருள் பாதுகாப்புக்காக வளர்ந்த முறை இது. ஒரு கிடங்குக்கும் அப்படியே பொருந்தும். எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்கு நான் வைத்த எண்கள். உங்கள் தளத்துக்கு நீங்களே நிறுத்தற்கடிகாரம் வைத்து அளக்க வேண்டும். வேலி ஏற 15 நொடி, முற்றத்தைக் கடக்க 30 நொடி, கிடங்குக் கதவை உடைக்க 90 நொடி, உள்ளே கம்பிக் கூண்டை அறுக்க 120 நொடி. மொத்தம் 255 நொடி. மறுபக்கம், அலாரம் அடித்ததும் கட்டுப்பாட்டு அறையில் கேமராவில் பார்த்து உறுதிசெய்ய 45 நொடி, இரண்டு காவலர்கள் அங்கே ஓடி வந்து சேர 180 நொடி. மொத்தம் 225. 255 பெரியது, 225 சிறியது, ஆகவே பாதுகாப்பு என்று நினைத்தால் தவறு. அலாரம் அடித்த பிறகு மிச்சம் இருக்கும் தாமதம்தான் கணக்கு.

சென்சாரை வேலியிலேயே வைத்து, ஏறி முடிக்கும்போது அது அடித்தால் மிச்சம் 240 நொடி; காவலர்கள் 15 நொடி முன்னதாக வந்துவிடுவார்கள். சென்சார் கதவில், அது திறந்ததும் அடிக்கும் காந்தத் தொடர்பு வகை என்றால் மிச்சம் 120 நொடிதான். காவலர்கள் வரும்போது கூண்டு காலியாக இருக்கும். கதவை உடைக்கத் தொடங்கியதுமே அடிக்கும் அதிர்வு சென்சார் போட்டால் 210, அதுவும் போதாது. ஆனால் அதோடு, அலாரம் வந்ததும் அந்தக் கதவின் கேமரா தானாகத் திரையில் வரும்படி அமைத்து உறுதிசெய்யும் நேரத்தை 45-லிருந்து 15 நொடிக்குக் குறைத்தால், எதிர்வினை 195 ஆகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. நிர்வாகம் இன்னும் பத்து கேமரா வாங்கலாம் என்று சொல்லும் இடத்தில், ஒரு சென்சாரும் மென்பொருளில் ஓர் அமைப்பு மாற்றமும் போதும் என்று எண்ணோடு சொல்ல இந்தக் கணக்குத்தான் துணை. முடிவெடுக்கும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோவது இந்தப் பழக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேமராவுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பல ஆண்டுகளாகப் புழங்கும் ஐஇசி 62676-4 என்ற அனைத்துலகத் தரநிலை, முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் என்றும், பழகியவரை இன்னார் என்று தெரிந்துகொள்ள 125 என்றும், ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க 25 என்றும் அளவு வைத்தது. 1,920 பிக்சல் அகலமுள்ள கேமரா 250 என்ற அளவில் 7.68 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். 20 மீட்டர் அகல லாரி வாசலுக்கு அப்படி ஒரே கேமராவைப் போட்டுவிட்டு, திருட்டு நடந்த பிறகு முகம் தெரியவில்லை என்று கேமராவைக் குறை சொல்வதில் பயனில்லை. வாங்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதல் பருவத்தில் பலரைக் கவிழ்ப்பது நிகழ்தகவு. அதையும் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். வாசலில் முகமறியும் கேமரா வைத்து, தடைசெய்யப்பட்ட ஒருவர் வந்தால் அலாரம் அடிக்கச் சொல்கிறீர்கள். நாளுக்கு 8,000 முறை ஆட்கள் கடக்கிறார்கள். தவறாகப் பொருத்தும் விகிதம் 0.1 சதவீதம், விற்பவர் ‘99.9 சதவீதம் துல்லியம்’ என்பார். அதாவது நாளுக்கு 8 பொய் அலாரம், 30 நாளில் 240. உண்மையான ஆள் மாதத்துக்கு ஒரு முறை வருகிறார், அவரை 95 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அலாரம் அடிக்கும்போது அது உண்மையாக இருக்க வாய்ப்பு 0.4 சதவீதம். இரண்டாவது வாரத்திலேயே காவலர் திரையைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுவார். அவரைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். கணக்கே அவரை அப்படிப் பழக்குகிறது. சேர்வதற்கு முன் மூன்று மாதம் கிடைத்தால் நிபந்தனை நிகழ்தகவு, அடிப்படைப் புள்ளியியல், கொஞ்சம் பைத்தான், லினக்ஸ் கட்டளைகள், வலைப்பின்னலில் போகும் தரவுப் பாக்கெட்டுகளை வயர்ஷார்க் மென்பொருளில் படிப்பது, இவற்றில் செலவிடுங்கள். இணையப் பாதுகாப்புப் பக்கம் போவதாக இருந்தால் மறையாக்கத்துக்கு வேண்டிய மட்டுக் கணிதத்தையும் (வகுத்தால் வரும் மீதியை வைத்துச் செய்யும் கணக்கு) சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் நடுவில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கால் இருக்கிறது. கதவு அட்டையையே பாருங்கள். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை, கேட்பவர் எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்லும். அதனால்தான் கோலாலம்பூரில் கொண்டோ அட்டையைச் சாவி வெட்டும் கடையில் கொடுத்து நகல் எடுக்க முடிகிறது. மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறையாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டது. அட்டையை மாற்றினாலும், ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வீகண்ட் எனும் பழைய இணைப்பு முறைக் கம்பியில் எண் அப்படியே திறந்தபடி போகிறது. பரவலான 26 பிட் வடிவத்தில் தள எண்ணுக்கு 8 பிட், அட்டை எண்ணுக்கு 16 பிட், சரிபார்ப்புக்கு 2; ஆக ஒரு தளத்தில் 65,536 எண்கள் மட்டுமே. வெளிச்சுவரில் இருக்கும் ரீடரின் இரண்டு திருகாணியைக் கழற்றினால் அந்தக் கம்பிகள் கையில் வந்துவிடும். எண்ணை மறையாக்கி அனுப்பும் ஓஎஸ்டிபி பாதுகாப்புத் தடத்துக்கு மாறுவதும், ரீடரைக் கழற்றினால் அடிக்கும் டேம்பர் சுவிட்சை உண்மையிலேயே இணைப்பதும் இதற்கு மருந்து. பல தளங்களில் அந்த டேம்பர் கம்பி வெறுமனே சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேமராவும் அப்படித்தான். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து ஒரு படையாகத் திரட்டியது; அந்த அக்டோபரில் அதன் தாக்குதலில் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் 2018 ஆகஸ்டில், புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் வலைப்பின்னலில் இணைத்ததால் தொற்று பரவி உற்பத்தி நின்றது. சிப் தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் வேலை செய்பவருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கதவும் தெரிந்து வலைப்பின்னலும் தெரிந்த ஆள் குறைவு. உங்கள் இடத்தில் இருப்பவருக்கு, இணையப் பாதுகாப்பு முதுகலையில் சேர்ந்து தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை ஆய்வேட்டுக்கு எடுப்பதே நல்ல வழி என்பது என் எண்ணம்.

சட்டத்தின் காற்றும் அந்தப் பக்கமே அடிக்கிறது. 2024-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்டு 26-இல் நடைமுறைக்கு வந்தது. 11 துறைகளில் முக்கியக் கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இடர் மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். இவற்றையெல்லாம் எழுத, அளக்க, பதில் சொல்ல ஆள் தேவைப்படுகிறது, இது உறுதி. அதனால் உங்கள் சம்பளம் இவ்வளவு உயரும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஊடுருவல் சோதனையையும், பாதுகாப்புக் கண்காணிப்பு மையச் சேவையையும் பிறருக்குச் செய்து தர இந்தச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். பாடத்தில் கற்றதை வைத்து வார இறுதியில் நண்பரின் கடைக்குச் சோதனை செய்து காசு வாங்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படிப்புக்காகச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

பண விஷயத்தில் பல்கலைக்கழகத்திடம் மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள்: முழுக் கட்டணம், பகுதிநேர மாணவருக்கு ஒரு பருவத்துக் கட்டணம், ஆய்வேடு நீண்டால் ஒவ்வொரு கூடுதல் பருவத்துக்கும் எவ்வளவு. மூன்றாவதைக் கேட்காதவர்கள்தான் கடைசியில் அதிகம் கட்டுகிறார்கள். ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா என்ற கணக்கிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம். முதுகலைக்குச் செலவழிக்கும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. ஒரே ஆண்டில் மொத்தமாகக் கட்டாமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரித்துக் கட்டினால் விலக்கு ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கும்.

உடனடியாக வேலை மாற வேண்டும் என்பதே முதல் நோக்கமானால், முதுகலைக்கு முன் ஒரு தொழில்முறைச் சான்றிதழைப் பாருங்கள். பாதுகாப்புத் தொழிலர்களின் அனைத்துலக அமைப்பான ஆசிஸ் தரும் பிஎஸ்பி சான்றிதழ் மின்னணு, கட்டடப் பாதுகாப்பு வடிவமைப்புக்கே உரியது, உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும். இணையப் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் சேர்த்து ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் ஓர் ஆண்டு கழியும். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் 2022 பதிப்பில் இருக்கும் 93 கட்டுப்பாடுகளில் 14 கட்டடம், கதவு, கம்பி சார்ந்தவை. தணிக்கைப் பக்கம் நுழைய விரும்பும் உங்களைப் போன்றவருக்கு அந்த 14 வலுவான தொடக்கம்.

இனி ஆய்வேடு. தொழிற்சாலைக்குள் இருப்பவர் என்பதால், வெளியே இருக்கும் மாணவருக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: அலாரப் பதிவேடு. ஆறு மாதப் பதிவிலிருந்து ஐந்து நெடுவரிசை போதும்: நேரம், மண்டலம், அலார வகை, காவலர் பொத்தானை அழுத்தி அலாரத்தைப் பார்த்ததாக ஒப்புக்கொண்ட நேரம், பின்னால் தெரிந்த காரணம். பெயர், பணியாளர் எண் எதுவும் வேண்டாம். மழை, இடி, வேலியில் ஏறும் குரங்கு, காற்றில் ஆடும் கிளை என்று பொய் அலாரங்கள் கூடும் நாட்களில் காவலர் ஒப்புக்கொள்ளும் நேரம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அலாரம் வந்து இரண்டு நொடியில் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் அவர் கேமராவைப் பார்த்திருக்க முடியாது. அந்த இரண்டு நொடிப் பதிவுகள் எந்த மண்டலத்தில், எந்த ஷிப்டில் குவிகின்றன என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. முன்பு சொன்ன 225 நொடிக் கணக்கோடு இதைச் சேர்த்தால் நிர்வாகமும் ஆர்வத்தோடு படிக்கும்.

வழிகாட்டிக்கு முதலில் எழுதும் மின்னஞ்சலிலேயே பிரச்சினை என்ன, என்ன தரவு இருக்கிறது, எத்தனை மாதத்துப் பதிவு என்று பத்து வரியில் சொல்லுங்கள். ‘பாதுகாப்பில் ஆர்வம் உண்டு, தலைப்பு கொடுங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. அனுமதியை மேலாளர் வாய்ச்சொல்லாகத் தந்தால் போதாது. அவர் வேலை மாறிப் போனதும் தரவும் போய்விடும். எந்த நெடுவரிசைகள், எந்தக் காலம், நிறுவனத்தின் பெயர் வராது, கேமராப் படம் எடுக்கப்படாது, வெளியிடும் முன் நிர்வாகம் பார்க்கும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் அதைத்தான் கேட்கும். முகம் தெரியும் பதிவு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதால் படத்தைத் தொடாமல் எண்களோடு நிற்பது உங்களுக்கும் நிம்மதி.

விண்ணப்பத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தாலும் இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. பல கன்ட்ரோலர்களும் அலாரப் பெட்டிகளும் நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். உங்களுடையது எத்தனை நிகழ்வு வரை வைத்திருக்கும் என்று பாருங்கள், கடிதம் கைக்கு வந்ததும் மாதம் ஒரு முறை பதிவிறக்கி நிறுவனத்தின் சர்வரிலேயே வையுங்கள். அடுத்து, கேமராப் பதிவுப் பெட்டி, கதவுக் கன்ட்ரோலர், அலாரப் பெட்டி மூன்றின் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று மூன்று நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மூன்றையும் ஒரே நேர சர்வரோடு இணைத்து, இணைத்த தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு முந்திய பதிவுகளை நொடிக் கணக்கில் ஒன்றோடொன்று பொருத்த முடியாது. உங்கள் ஆறு மாதம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.